266 ரூபாய் மூட்டை

'விவசாயிதான் மண்ணைக் கெடுத்துட்டான்'னு நகரத்து நண்பர்கள் எழுதுறதைப் படிச்சா எரிச்சலா வருது. மண் கெட்டது உண்மை. யாரு கெடுத்ததுன்னு கேட்டா, முதல்ல உரக்கடை விலையைப் பாருங்கன்னு சொல்வேன்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துல உழவே கிடையாது. ஏலச்செடி வேர் ஆழம் போகாது. சருகு மக்குற மேல்மண்ணுலயே பரவிக் கிடக்கும். நிழல் மரம் இலையைக் கொட்டும். பூஞ்சையும் மண்புழுவும் அதைத் தின்னு செடிக்குச் சோறாக்கும். அந்த ஒன்றிரண்டு சாண் மண்ணுதான் தோட்டத்தோட மொத்த முதல். அதைப் போய் 'தோட்டம் சுத்தமா இருக்கணும்'னு சருகை வழிச்சு, தூரைச் சுத்திக் கொத்திவிட்டா வேரும் அறும், அடுத்த மழையில மண்ணும் சரிவுல ஓடிரும். சுத்தமா வச்சுக்க அது என்ன வீட்டுத் திண்ணையா?

உரத்துக்கு வருவோம். மானாவாரி ஏலத்துக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 75 கிலோ, மணிச்சத்து 75, சாம்பல்சத்து 150 என்பது ஸ்பைசஸ் போர்டு பரிந்துரை. தழையைப்போல ரெண்டு மடங்கு சாம்பல் கேட்கிற பயிர். ஆனா 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் மூட்டை ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும். கையில காசில்லாதவன் எதைத் தூக்கிட்டு வருவான்? 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் கொண்டுவந்தப்ப யூரியாவை மட்டும் அதுக்கு வெளியே நிறுத்தினாங்க. அந்த யூரியாவை மண்ணுல உள்ள பாக்டீரியா நைட்ரேட்டா மாத்தும்போது அமிலம் சேருது. மலைமண் ஏற்கெனவே புளிப்பு.

கீழே முந்தல் பக்கம் மக்காச்சோளக் காட்டுல வேற கூத்து. ரோட்டவேட்டரை ரெண்டு மூணு தடவை ஓட்டி மண்ணை மாவாக்குறாங்க. பார்க்க அழகுதான். வேரோடு ஒட்டி வாழுற பூஞ்சை இழை அறுந்துபோகும், மண்புழு வளை இடியும், அடியில மண் தகடா இறுகி மழைத்தண்ணி இறங்காது. அதுக்கு மேலே டி.ஏ.பி.யை அள்ளிப் போட்டா, செடியே அந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்காது.

யூரியா விலையைத் தொட்டா ஏழை விவசாயி செத்துருவான்னு உடனே ஒரு குரல் வரும். விலையை ஏத்தச் சொல்லல. அதே மானியக் காசுல ஒரு பங்கைப் பொட்டாஷுக்கும் தொழுவுரத்துக்கும் திருப்பச் சொல்றேன்.

உங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. போடியில ஏலக்காயை ஏலம் விடும்போது 8 மில்லிமீட்டர் காய், கரும்பச்சை நிறம்னாதான் விலை ஏறுது. கொஞ்சம் சின்னக் காய், கொஞ்சம் வெளிறின தோலா இருந்தாலும் பரவாயில்ல, உடைச்சு உள்ளே விதை கருப்பா, மணமா இருக்கான்னு பார்த்து வாங்குங்க. அப்படியே உங்க எம்.பி.கிட்ட யூரியா மானியத்தைப் பத்தி ஒரு கேள்வியும் கேளுங்க. நாங்க கேட்டா மனுவை வாங்கி வச்சுக்கிறாங்க.