காத்திருக்கத் தெரிந்த பயிர்

ஓசூரில் செய்யும் டைட்டன் கடிகாரம் விலை போகும்வரை பெட்டிக்குள் சும்மா கிடக்கும். சூளகிரியில் காலையில் பிடுங்கிக் கட்டிய கொத்தமல்லி மறுநாள் சந்தைக்கு ஆகாது. இந்த வட்டாரத்தின் தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஏறக்குறைய 3,000 அடி உயரம், மிதமான வெயில், 40 கிலோமீட்டரில் பெங்களூரு என்று எல்லாம் கூடிவந்த ஊர் இது. ரோஜா, குடைமிளகாய், தக்காளி, கோஸ் என்று எதையும் இங்கே விளைவிக்கலாம். எந்தப் பயிர் வைக்கலாம் என்ற பேச்சு வந்தால், ஏக்கருக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வியோடு முடித்துக்கொள்கிறோம். அறுத்தபின் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சேர்த்துக் கேட்காவிட்டால், இரண்டு ஏக்கர்க்காரருக்கு அந்தக் கணக்கு உதவாது என்பது என் கட்சி.

தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையைப் பார்த்து எல்லோரும் நட்டார்கள். செப்டம்பரில் பறிகூலிக்கும் கட்டவில்லை. பழுத்த பழத்தை இறக்கிவிட்டு, விலை பேச நிற்க முடியாது. மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால் வேறு கடைக்குப் போகவும் முடியாது. மாங்காயின் கதை இதைவிடத் தெளிவு. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தோப்புகளில் பெங்களூரா ரகம் ஏராளம். கூழ் ஆலைகளை நம்பி நிற்கும் மரங்கள் அவை. 2025 சீசனில் விலை சரிந்தபோது, தன் கூழ் ஆலைகளுக்கு வெளிமாநிலப் பழம் வரக்கூடாது என்று ஆந்திராவின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. தன் விவசாயிக்குக் கிலோ 12 ரூபாய் என்று அந்த மாநிலம் அறிவித்தது. அதில் 4 ரூபாய் அரசின் பங்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் அப்போது அப்படியொரு பிடிமானம் இருக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாங்காய் கெட்டுப்போகும், கூழாகி டின்னில் ஏறியபின் மாதக்கணக்கில் கெடாது. காத்திருக்கும் சக்தி அந்தப் பழத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது ஆலை வாசலைத் தாண்டிய பிறகுதான் பிறக்கிறது, லாபமும் அங்கேயே தங்கிவிடுகிறது.

ராகி இந்த ஓட்டத்தில் சேராத பயிர். ஆடியில் விதைத்து, கார்த்திகை, மார்கழியில் அறுத்து, தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிச் சக்கரத்தையே போரடிக்க விடுகிற ஊர் இது. (போலீஸ்காரர்களுக்குப் பிடிக்காத வழக்கம், பைக் ஓட்டுகிறவருக்கு ஆபத்தும்கூட. களம் கட்டித் தராதவரை அது நிற்கப்போவதில்லை.) காயவைத்த ராகியைப் பூச்சி லேசில் அண்டாது, ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். கன்னடக்காரர்கள் அக்கடி சாலு என்று சொல்வதுபோல இடையிடையே அவரையும் துவரையும் போட்டால், ராகியை அறுத்தபின் தை வரை அவரைக்காய் வரும். பெங்களூரில் அதற்கென்றே மேளா நடத்துகிற பருவம் அது. தட்டை மாட்டுக்குப் போகும், பால் காசு வாராவாரம் வரும்.

‘ராகியில் என்ன காசு இருக்கிறது?’ என்பார்கள். நியாயமான கேள்வி. 2025-26க்கு மத்திய அரசு நிர்ணயித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். மானாவாரியில் ஏக்கருக்குப் பத்து குவிண்டால் கண்டால்கூட ஐம்பதாயிரத்தைத் தொடாது. நல்ல விலையில் தக்காளி இதைப் பல மடங்கு மிஞ்சும். ஆனால் இந்த ஒப்பீடு தக்காளியின் நல்ல வருஷத்தை எடுத்துக்கொண்டு ராகியின் சாதாரண வருஷத்தோடு வைத்துப் பார்க்கிறது. தக்காளியை விடச் சொல்லவில்லை. ஓர் ஏக்கரில் ராகி இருந்தால் வீட்டுக்குக் களியும் மாட்டுக்குத் தீவனமும் உறுதி. மற்ற ஏக்கரின் சரக்கை விற்கப்போகும்போது மண்டிக்காரரின் முன்பணத்தை மறுக்கும் தெம்பு வருகிறது. குளிர்பதனக் கிடங்கு கட்டினால் தீராதா என்பது அடுத்த கேள்வி. உருளைக்கு ஓரளவு தீரும். ஆனால் கொத்தமல்லிக்கும் தக்காளிக்கும் அது வாங்கித் தருவது சில நாட்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று வாரம். வாடகையும் மின்கட்டணமும் அந்த நாட்களைத் தின்றுவிடும். கிடங்கைவிட, விற்கும் விதம்தான் முக்கியம். 2004இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 400 ஹெக்டேரில் நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டம் சொட்டுநீரால் மகசூலை உயர்த்திக் காட்டியது. விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டி விற்க வைத்ததுதான் அதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. விளைச்சலைக் கூட்டுவது மட்டும் போதாது என்று அப்போதே புரிந்திருந்தது.

எனக்குப் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் யானை. கதிர் முற்றும் வேளையில்தான் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து மந்தைகள் தளி, ஜவளகிரி, சானமாவு காடுகளுக்கு வருகின்றன. வீட்டுக்கு வந்தபின் ராகி வருஷக்கணக்கில் இருக்கலாம்; வயலில் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. காவலுக்கு ஆளும் கிடைப்பதில்லை, இளைஞர்கள் சிப்காட்டில் இரவு ஷிப்டில் இருக்கிறார்கள். அதனால் காட்டோரத்தில் ராகி வை என்று யாரையும் வற்புறுத்த மாட்டேன். சாலையோர ஊர்களுக்காவது, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலையங்கள் அறுப்பு முடிவதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷன் கடையில் இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கடைகளுக்குப் போகும் மூட்டை கெலமங்கலத்திலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் போகலாம்.