ஒரு சொல்லின் ஓட்டம்

'றன்' என்பது ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய சிறுபிள்ளையும் அறிந்த சொல். ஒக்ஸ்போர்ட் பேரகராதி 1928இல் நிறைவுற்றபோது அதில் மிக நீண்ட இடத்தைப் பெற்றது 'செற்' என்னும் சொல். இந்நூற்றாண்டுத் திருத்தப் பணியில் 'றன்' அதனை விஞ்சிற்று. வினைச்சொல்லாக மாத்திரம் அதற்கு 645 பொருள் வகுத்துள்ளனர்.

நம் மாணாக்கரோ மொழிபெயர்க்கப் புகுந்தால் அத்தனைக்கும் 'ஓடு' என்பதையே இடுகின்றனர். தேர்தலில் ஒருவர் 'ஓடுகிறார்', மூக்கு 'ஓடுகிறது', சங்கத்தை 'ஓட்டுகிறார்கள்'. தமிழிலே தேர்தலிற் போட்டியிடுவர், மூக்கில் நீர் வடியும், சங்கத்தை நடத்துவர். மணிக்கூடும் படமும் இரு மொழியிலும் ஓடும். கிரிக்கெற்றில் 'ஓட்டம்' என நம் பத்திரிகைகள் எழுதுவது நன்று. எல்லைக்கோட்டைத் தொட்ட பந்துக்கு ஓடாமலே நான்கு ஓட்டம் கிடைக்கும் விந்தை வேறு!

இனி, என் பிழையொன்றையும் சொல்லவேண்டும். 'ஓடு' தன்வினை, 'ஓட்டு' பிறவினை. யாழ்ப்பாணத்து வழக்கிலோ 'கார் ஓடுகிறான்' என்பர். இஃது ஆங்கிலத்தின் வாடை என்றெண்ணி, பல்லாண்டாகச் சிவப்பு மையால் வெட்டிவந்தேன். பழைய ஆங்கிலத்திலும் தன்வினைக்கு ஒரு வடிவம், பிறவினைக்கு வேறொரு வடிவம் இருந்தன என்பதைப் பின்னரே அறிந்தேன். காலப்போக்கில் இரண்டும் ஒன்றாயின. அம்மொழி அதனாற் கெட்டொழியவில்லை. நம் ஊர் வழக்கும் அவ்வாறு தானே விளைந்ததாகலாம். கட்டுரையில் இன்றும் 'ஓட்டினான்' என்றே எழுதுவிப்பேன். ஆனால், 'அண்ணர் கார் ஓடுறார், ஐயா' என்று சொல்லும் பிள்ளையைத் திருத்த எனக்கு இப்பொழுது நா எழுவதில்லை.