வெளியே வெயில், உள்ளே ஸ்வெட்டர்

சித்திரை வெயிலில் சென்னைத் தார்ச்சாலை இளகுகிறது. கண்ணாடி அலுவலகத்துக்குள்ளோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். யாருக்கும் சுகம் தராத அந்தக் குளிருக்காக மின்சாரத்தைக் கொட்டுகிறோம். ஏசியில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் இயங்கத் தொடங்க வேண்டும் என்ற விதியும் 2020 முதல் இருக்கிறது. ஆனால் எல்லா உடலுக்கும், எல்லாப் பருவத்துக்கும் ஒரே எண் பொருந்தாது. வெளியே வெப்பம் மாற மாற, நமக்கு இதமாகப் படும் அளவும் மாறுவதை அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு காட்டியது. அந்த ஆய்விலிருந்து பிறந்த கணக்குமுறை 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இடம்பெற்றது. அறையில் எத்தனை பேர், கரியமில வாயு எவ்வளவு, வெயில் எந்தப் பக்கம் என்று உணரிகள் சொல்லச் சொல்ல, குளிரையும் காற்றையும் அளந்து தரும் அமைப்புகள் இன்று இருக்கின்றன. ஆளில்லாத அறையை அவை வீணாகக் குளிர்விப்பதில்லை. ஆனால் மின்கட்டணத்தை மட்டுமே இலக்காகக் கொடுத்தால், புழுக்கத்தையும் சிக்கனம் என்றே இயந்திரம் எடுத்துக்கொள்ளும். 'குளிருது', 'புழுங்குது' என்று அங்கே உட்கார்ந்திருப்பவர் சொல்வதும் அதன் கணக்கில் சேர வேண்டும். முதலில் ஜன்னலுக்கு நிழல், கூரைக்கு வெள்ளைப் பூச்சு, தலைக்கு மேல் மின்விசிறி. அதன்பிறகு அறிவுள்ள கருவி. கட்டுவோரே, இந்த வரிசையை மாற்றாதீர்கள்.