வாப்பா ஒரு வீட்டில், உம்மா ஒரு வீட்டில்



கொஞ்சம் நீண்ட பதிவு. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், பிளேன்டீயும் கையுமாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு மூத்தப்பாவும் மூத்தம்மாவும் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம். யாராவது வாசித்துக் காட்டினால் நாளை சுபஹோடு மூத்தம்மா எங்கள் படலையில் வந்து நிற்பா. மன்னார்த் தீவில் எந்தத் தெருவிலும் இப்படி ஒரு சோடி இருக்கும், உங்கள் தெரு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூத்தப்பாவுக்கு எண்பது கிட்டுகிறது. மூத்தம்மா நாலைந்து வயது இளமை. கலியாணம் முடித்து ஐம்பது வருசம் தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் சீனி வருத்தம்.

சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு களவு நடக்கிறது. மூத்தம்மா பனங்கட்டியை அரிசி வாளிக்குள் ஒளித்து வைப்பா. மூத்தப்பா ளுஹருக்கு வுளூ எடுக்கிற சாக்கில் குசினிப் பக்கம் போய், ஒரு துண்டை எடுத்துச் சாரன் மடிப்புக்குள் சொருகிக்கொண்டு பள்ளிக்கு வருவார். தொழுது முடிந்து வேப்ப மரத்தடியில் இருந்து, யாரும் பார்க்காத மாதிரி வாயில் போடுவார். ஒருநாள் ஸஃப்பில் பக்கத்தில் நின்றவர் சலாம் கொடுத்துத் திரும்பினால், மூத்தப்பாவின் இடுப்பில் எறும்பு வரிசை.

களவு மூத்தம்மாவுக்குத் தெரியும். குட்டானை முழுசாக வைத்தால் மனுசன் முழுசாகவே முடித்துவிடும் என்று, அவவே அதைச் சுண்டுவிரல் நகமளவுக்கு உடைத்து, நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் வாளிக்குள் போட்டு வைக்கிறா. மிச்சம் அயல் வீட்டு அலுமாரியில். மூத்தப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது. இந்தப் பதிவையும் வாசிக்க மாட்டார், வீட்டில் இருக்கிற ஒரே கண்ணாடி மூத்தம்மாவிடம்.

மீன் வாங்கப் போவது மூத்தப்பாவின் உத்தியோகம். ஒட்டியோ ஓராவோ, எது வந்தாலும் மூத்தம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கிழமை மௌத்தான மீன்?" என்று கேட்பா. பிறகு அதே மீனை ஆணம் காய்ச்சி, முள்ளெடுத்து அவர் கோப்பையில் வைப்பா. ஒருநாள் அவர் காய்ச்சலில் படுக்க, லீவுக்கு வந்திருந்த பேரன் போய் வாங்கி வந்தான். "ஒன்ட மூத்தப்பா வாங்கினா இப்பிடியா இருக்கும்?" என்று அவனுக்கு ஏச்சு. அந்த வார்த்தை மூத்தப்பாவின் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் காய்ச்சல் அன்றைக்கே விட்டிருக்கும்.

பின்னேரம் படலைக்கு ஒரு கழுதை வரும். எங்கள் தீவின் கழுதைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்து அரபு வியாபாரிகள் கொண்டு வந்த வம்சம் என்பார்கள். மூத்தம்மா மரக்கறித் தோலைப் போட்டுக்கொண்டே ஏசுவா: "சொன்னாக் கேக்காது. காதும் கேக்காது. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வந்து நிக்கும்."

விறாந்தையிலிருந்து மூத்தப்பா: "புள்ள, கழுதைக்கா ஏசுற, எனக்கா?"

"கழுதைக்குக் காது நல்லாக் கேக்கும்."

இஷாவுக்குப் பிறகு குளிசை. அவர் போட்டு நாக்கைக் காட்டாமல் இவ தன்னுடையதைப் போட மாட்டா. இவ போட்டதைக் கண்ணால் காணாமல் அவர் பாயில் சரிய மாட்டார். இரண்டு வயசாளிகள் விளக்கடியில் நின்று ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டுகிற காட்சியைப் பார்த்துத்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் வளருகிறார்கள்.

நாங்களும் பார்த்துச் சிரிக்கிறவர்கள்தான். மீன் சண்டையை ஒருத்தர் போனில் பிடித்துக் குடும்பக் குழுமத்தில் போட்டார். புத்தளத்திலிருந்து தோஹா வரைக்கும் சிரித்த முகங்கள் வந்து குவிந்தன. சிரித்த அதே குழுமத்தில் மூன்று மாதம் கழித்து ஒரு முடிவு வந்தது. புத்தளத்தில் இருக்கிற மகளுக்கு இரண்டாவது பிள்ளை, மருமகன் வெளிநாட்டில். உம்மா அங்கே போகட்டும். வீட்டைச் சும்மா விட முடியாது, வாப்பா இங்கே இருக்கட்டும். எல்லோரும் 'சரி' போட்டார்கள். மூத்தப்பாவிடமும் மூத்தம்மாவிடமும் போன் இல்லை, வீட்டில் இருப்பது பட்டன் போன் ஒன்று. அதற்குக் குழுமம் வராது.

அந்தப் பிள்ளைகளைக் கெட்டவர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. இது எங்கள் எல்லோருடைய கதை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தீவிலிருந்து வள்ளங்களில் கல்பிட்டிக்குப் போய் இறங்கியவர்கள் எங்கள் பெற்றோர். நாங்கள் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் நடை பழகியவர்கள். 2009இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பத் தொடங்கியபோது பலருக்கு அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு காணி. அங்கே பிள்ளையின் பள்ளிக்கூடம், இங்கே வாக்காளர் இடாப்பு. இரண்டையும் விட முடியவில்லை. அப்போது காவலுக்கு ஒருவரும் பிள்ளை பார்க்க ஒருவரும் தேவைப்பட்டார்கள். காவலுக்கு வாப்பா, பிள்ளை பார்க்க உம்மா. காணியைப் பங்கு பிரிப்பதற்காவது நொத்தாரிசிடம் போகிறோம். பெற்றோரைப் பங்கு பிரிக்க ஒரு வாட்ஸ்அப் போதுமாக இருக்கிறது.

எங்கள் சொந்த வீட்டிலும் ஒரு வருசம் இப்படி நடந்தது. அதைப் பெரிய தியாகம் மாதிரிப் பேசிக்கொண்டு திரிந்தோம். ஆகவே இது மேலே நின்று சொல்கிற உபதேசம் இல்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று கைவிடக் கூடாது என்கிறது. நாங்கள் யாரும் கைவிடவில்லையே! இரண்டு வீட்டிலும் மூன்று வேளை சாப்பாடு, கிளினிக், மாதம் ஒரு புது உடுப்பு. கணக்குப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் இந்தத் தவறு எங்கள் கண்ணில் படுவதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. நாளைக்கு இந்தப் பங்கீடு எங்களுக்கும் நடக்கும்.

கல்வியியற் கல்லூரியில் ஜோன் போல்பியைப் படித்தோம். தாயைப் பிரிந்த பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கினோம். ஐம்பது வருசம் ஒரு கூரைக்குக் கீழ் இருந்தவர்களைப் பிரித்தால் என்ன நடக்கும் என்று எங்களிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. பாரதிதாசன் யோசித்திருக்கிறார்; அவருடைய குடும்ப விளக்கின் ஐந்தாம் பகுதிக்குப் பெயரே 'முதியோர் காதல்'. எங்கள் சமூகத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் வெட்கப்படுவார்கள். ஆனால் ஆயிஷா நாயகியோடு ரஸூலுல்லாஹ் ஓட்டப் பந்தயம் ஓடியதையும், முதல் தடவை ஆயிஷா நாயகி முந்தியதையும், சில காலம் கழித்து அவர்கள் கொஞ்சம் உடம்பு வைத்த பிறகு மறுபடி ஓடி நபியவர்கள் வென்று, அன்றையதற்கு இது சரியாகிவிட்டது என்று சிரித்ததையும் பயான்களில் கேட்டுத்தானே வளர்ந்தோம். அபூதாவூதில் இருக்கிற ஹதீஸ். பகிடியும் இல்லறத்தில் ஒரு பங்குதான்.

கனடாவில் 2016இல் ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அறுபத்திரண்டு வருசம் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவியை, இடமில்லை என்று இரண்டு பராமரிப்பு நிலையங்களில் வைத்திருந்தார்கள். பார்க்க வந்த நேரத்தில் இரண்டு பேரும் கண்ணீர் துடைக்கிற படம். பேத்தி போட்டது. அதன் பிறகுதான் ஒரே இடம் கிடைத்தது. அதே நாட்டின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 2021இல், பராமரிப்பு நிலையங்களில் வாழ்க்கைத் துணைகள் சேர்ந்திருப்பதற்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அங்கே இடமில்லை என்று அரசாங்கம் பிரித்தது. எங்கள் ஊரில் இரண்டு வீட்டிலும் இடம் இருக்கிறது, பிரிக்கிறவர்கள் நாங்கள்.

மூத்தம்மா போய் நாலு மாதம். அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றிப் போகிற பஸ்ஸில் அரை நாள் தூரம். முதுகு நோவோடு அடிக்கடி வந்து போக முடியாது. ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பிறகு போன் எடுப்பா. எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்.

"குளிச போட்டாச்சா?"

"ஓ புள்ள, குளிச்சாச்சு. பின்னேரமே குளிச்சாச்சு."

"குளிச! குளிச!"

"அதான் சொல்றேனே, சவர்க்காரம் போட்டுத்தான் குளிச்சன்."

இதற்கும் நாங்கள் சிரித்தோம். ஒருநாள் சுபஹுக்கு மூத்தப்பா பள்ளிக்கு வரவில்லை. இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். விறாந்தைக் கதிரையில் வியர்த்துக் கொட்ட, ஆட்களைச் சரியாக அடையாளம் தெரியாமல் இருந்தார். இரவு குளிசை போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடியும் போட்டிருக்கிறார். சாப்பாடும் சரியில்லை. சீனி இறங்கிவிட்டது. கரைத்துக் கொடுத்த சீனித் தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்தார், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அல்ஹம்துலில்லாஹ், நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நாக்கை நீட்டுகிற விளையாட்டு எதற்கு என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

போவதென்றால் இரண்டு பேருமே போகட்டும். மகளுக்கு உதவி தேவை என்பது உண்மை, பிள்ளைப் பெற்ற வீட்டில் தாய் இல்லாமல் முடியாது. அப்படியென்றால் வாப்பாவுக்கும் ஒரு கட்டில் போடுங்கள். கிளினிக் கொப்பியை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொண்டு போங்கள். வீட்டுக்குக் காவல் வேண்டுமென்றால் சாச்சாட பொடியன் ஒருத்தன் இரவில் வந்து படுக்கட்டும், எண்பது வயசு மனுசனை எந்தக் கள்ளனைப் பிடிக்க விட்டு வைக்கிறீர்கள்? பெண் பிள்ளைக்குச் சீதன வீடு கட்டுகிற நேரத்தில் குளியலறைக்கு எந்த டைல் என்று மாதக்கணக்கில் பேசுகிறோம், உம்மாவும் வாப்பாவும் சேர்ந்து இருக்க ஓர் அறை எங்கே என்று ஒரு பின்னேரமாவது பேசலாம். பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களும் குடும்பப் பிரச்சினை தீர்க்க உட்காருகிற நேரத்தில் இதையும் கேட்கலாம். முக்கியமாக, முடிவெடுக்க முதல் அந்த இரண்டு பேரிடமும் கேளுங்கள். "எங்களுக்கு என்ன, எங்கயும் இருப்பம்" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், மறுபடியும் கேளுங்கள்.

மூத்தம்மா வந்துவிட்டா. மகளும் பிள்ளைகளும் கூடவே வந்திருக்கிறார்கள், பள்ளிக்கூட லீவு முடியும் வரைக்கும். பிறகு இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிப் போவதாகப் பேச்சு. பஸ் பதினொரு மணிக்கு. மூத்தப்பா எட்டரைக்கே மன்னார் பஸ் நிலையத்தில் போய் இருந்தார், கையில் மீன் பையோடு. இறங்கியதும் மூத்தம்மா பையைத் திறந்து செவுளைப் பார்த்தா. மிச்சத்தை எழுதத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அரிசி வாளியைத் திறந்திருக்கிறா. போகும்போது உடைத்து வைத்துவிட்டுப் போன பனங்கட்டித் துண்டுகள் அப்படியே கிடந்தனவாம், எண்ணிப் பார்த்திருக்கிறா. "ஒண்டையும் தொடல்ல இந்த மனுசன்" என்று எங்கள் உம்மாவிடம் வந்து சொல்லிக் கண்ணைத் துடைத்தா. பழசை எறிந்துவிட்டுப் புதுக் குட்டான் உடைத்தாச்சாம். இந்த முறை கொஞ்சம் பெரிய துண்டு.

போன வெள்ளி ஜும்ஆவில் மூத்தப்பாவுக்குப் பக்கத்தில் நின்றவர் சொன்னார், எறும்பு திரும்பவும் வந்துவிட்டதாம்.