ஒட்டு போட ஒரு சி.டி. தரக்கூடாதா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "அப்டேட் செய்யுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறோம். எதை வைத்துச் செய்வது என்று யாரும் சொல்வதில்லை. பேட்ச் என்பது சாப்ட்வேரில் உள்ள ஓட்டைக்குப் போடும் ஒட்டு. அது வீட்டுக்கு எப்படி வந்து சேரும்?

2003 ஆகஸ்டில் நாகர்கோவிலில் என் வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பியும் டயல்-அப் இணைப்பும் இருந்தன. அப்போதுதான் பிளாஸ்டர் வோர்ம் உலகம் முழுவதும் பரவியது. இணைப்பு கிடைத்த கொஞ்ச நேரத்தில் "60 நொடியில் நின்றுவிடும்" என்று ஒரு கட்டம் திரையில் வரும். பிறகு தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். இதற்கான பேட்சை மைக்ரோசாப்ட் ஜூலை 16 அன்றே வெளியிட்டுவிட்டது. ஆனால் அதை எடுக்க இணையத்துக்குள் போக வேண்டுமே! கிணற்றில் விழுந்தவனிடம், மேலே ஏறி வந்து கயிறு வாங்கிக்கொள் என்ற கதைதான்.

கடைசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் சி.டி.யில் எழுதி வாங்கி வந்தேன். பேட்ச் இருந்தது. கூடவே வேறொரு வைரசும் இருந்தது! ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்தபோது மகளின் முதல் பிறந்தநாள் படங்களும் போயின. வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஒட்டைத் தயாரித்தவரே அதைக் கையில் தர வேண்டும். 2004 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் அப்படி ஒரு சி.டி.யை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. ஆனால் அதில் 2003 அக்டோபர் வரையிலான பேட்ச்கள்தான் இருந்தன. பழைய சோறுதான், பட்டினிக்கு அது மேல். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2, 260 எம்.பி.க்கும் மேல். டயல்-அப்பில் நொடிக்கு 5 கே.பி. வந்தால்கூட சுமார் 15 மணி நேரம், அதுவும் லைன் கட்டாகாமல் இருந்தால். அதையும் கேட்டவர்களுக்கு சி.டி.யில் கொடுத்தார்கள். உபுண்டு லினக்ஸ்காரர்கள் 2005 முதல் 2011 வரை உலகின் எந்த மூலைக்கும் இலவசமாக சி.டி. அனுப்பினார்கள்.

"இப்போதுதான் எல்லார் கையிலும் இணையம் இருக்கிறதே" என்பீர்கள். பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கும் என் மச்சினன் செல்போன் ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப்பை ஓட்டுகிறான். விண்டோஸ் 11 இன்ஸ்டால் பைல் 5 ஜி.பி.க்கும் மேல். தினமும் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டவன் என்ன செய்வான்? அப்டேட்டையே நிறுத்தி வைத்திருக்கிறான்.

பென்டிரைவில் வைரஸ் வரும் என்ற பயம் நியாயமானது. 2008-ல் கிளம்பிய கான்பிக்கர் பென்டிரைவ் வழியாகவும் பரவியது. ஆனால் அது கைக்குக் கை மாறும் பென்டிரைவின் குற்றம். கம்பெனி சீல் வைத்து, திரும்ப எழுத முடியாதபடி பூட்டித் தரும் பென்டிரைவுக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. புது லேப்டாப்களில் பெரும்பாலும் சி.டி. டிரைவே இல்லை என்பதால் இனி இதுதான் வழி. ஆயிரக்கணக்கில் விலை வாங்குபவர்களுக்கு இது ஒரு செலவா?

அவர்கள் தரும்வரை, கடையில் பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் "எல்லா அப்டேட்டும் என் கண் முன்னால் ஏற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அரை நாள் ஆனாலும் உட்கார்ந்திருங்கள். மச்சினனுக்கு அடுத்த லேப்டாப் வாங்கும்போது நானும் அப்படித்தான் உட்காரப் போகிறேன்.