அப்டேட் போட்டாலும் சிக்கல், போடாவிட்டாலும் சிக்கல்: ஒரகடம் ஆலைகள் என்னதான் செய்வது?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வானாக்ரை' என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கியது. அது எட்டிப் பார்த்த இடங்களில் நம்ம ஒரகடமும் ஒன்று. ரெனோ-நிஸான் கூட்டணியின் கார் ஆலையில் அந்த வார இறுதியில் உற்பத்தி பாதிக்கப்பட்டது. கடுப்பாக்கும் விஷயம் என்னன்னா, வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதியே கொடுத்துவிட்டது. உலகெங்கும் சிக்கியவை, பெரும்பாலும் அந்த பேட்ச் போடாத கணினிகள்.

"அப்போ அப்டேட் வந்த உடனே போட்டுடணும், அவ்ளோதானே?" என்று கேட்கலாம். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? அதுவும் வெள்ளிக்கிழமைதான்.

அன்று இந்திய நேரப்படி காலை 9.39-க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சின்ன ஃபைலை அனுப்பியது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றும் விட்டது. ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. சென்னை உட்பட பல விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஃபைலைத் திரும்பப் பெற்றாலும் விழுந்த கணினி தானாக எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது.

டெஸ்ட் பண்ணாமலா அனுப்பினார்கள்? பண்ணினார்கள். அங்கேதான் கதையே. அந்த ஃபைல் 21 விவரங்களை எதிர்பார்த்தது. கணினியில் இருந்த மென்பொருள் கொடுத்ததோ 20. இதைப் பிடிக்க வேண்டிய சோதனைக் கருவியிலேயே ஒரு பிழை இருந்ததால், ஃபைல் பாஸ் ஆகிவிட்டது. இதே வகையில் முன்பு அனுப்பிய ஃபைல்கள் ஒழுங்காக ஓடியதால், இதுவும் ஓடும் என்று நம்பிவிட்டார்கள். ஒரு நிஜக் கணினியில் போட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திருந்தால் தெரிந்திருக்கும். முதலில் கொஞ்சம் பேருக்கு, பிறகு மற்றவர்களுக்கு என்று படிப்படியாகவும் அனுப்பவில்லை. மென்பொருளின் புது வெர்ஷனை வேண்டுமென்றே தள்ளிப்போட்டிருந்த நிறுவனங்களுக்கும் இந்த ஃபைல் போய்ச் சேர்ந்தது. ஏனென்றால், அவர்கள் கணக்கில் இது 'மென்பொருள் அப்டேட்' கிடையாது, வெறும் 'கன்டென்ட்'.

இப்போது இதை வடக்குப்பட்டு பக்கம் கொண்டுவந்து பாருங்கள். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து கற்காலக் கருவிகளை எடுத்த ஊர் அது. சுற்றிலும் இன்று கார், லாரி, பைக், டயர் ஆலைகள். (அந்த ஆலை லைன்களில் ஓடும் சில விண்டோஸ் கணினிகளும் அகழாய்வுக்கு உரியவைதான். மெஷினோடு வந்த மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால் யாரும் அதில் கை வைப்பதில்லை.) எந்த வண்டிக்கு எந்த பாகம், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கணும் என்பது வரை இப்போது சர்வர்தான் சொல்கிறது. சர்வர் நின்றால் லைன் நிற்கும். பாகங்களை அன்றன்றைக்கு வரவழைக்கும் முறை என்பதால், பக்கத்து சப்ளையர் கம்பெனியிலும் ஷிஃப்ட்டுக்கு வந்தவர்கள் சும்மா உட்கார வேண்டியதுதான்.

இந்த சர்வர்களை ஒரே இடத்திலிருந்து மேய்க்கும் மென்பொருள்களுக்கு வந்தால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. அதில் ஒரு பிழை என்றால், அதன் கீழே இருக்கும் எல்லா சர்வர்களுக்கும் பிழை. சென்னையின் ஜோஹோ தயாரிக்கும் மேனேஜ்எஞ்சின் இந்த வகைதான். 2022 கடைசியில் அதன் இருபதுக்கும் மேற்பட்ட தயாரிப்புகளில் இருந்த ஒரு ஓட்டைக்கு பேட்ச் வந்தது. 2023 ஜனவரியில், அதைப் போடாதவர்களைத் தேடித் தாக்குதல் தொடங்கியது. ஆக, டெஸ்ட் பண்ணுகிறோம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் எடுபடாது. ஒரு வாரம் எடுத்தால் அது சோதனை. இரண்டு மாதம் என்றால் சாக்கு.

டெஸ்ட் செய்யும் இடமும் நிஜம் மாதிரி இருக்கணும். 2023 ஆகஸ்ட் 29-ல் ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றதற்கு ஹேக்கர் காரணமில்லை. இரண்டு நாள் முன்பு நடந்த சர்வர் பராமரிப்பு வேலையின்போது டிஸ்க்கில் இடம் தீர்ந்துபோனதுதான். பேக்கப் சர்வரும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. காலியான டிஸ்க் உள்ள டெஸ்ட் சர்வரில் இந்த மாதிரிப் பிரச்னை ஒருநாளும் வெளியே தெரியாது.

அதனால் ஆலைகள் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். லைனில் இருக்கும் ஒவ்வொரு வகைக் கணினிக்கும் ஒரு ஜோடி, ஐடி அறையில் இருக்கட்டும். பேட்ச் முதலில் அதில், அடுத்து ஐடி டீமின் சொந்தக் கணினிகளில், பிறகு ஒரே ஒரு லைனில், அதன்பிறகு மற்றதில். பழைய நிலைக்குத் திரும்புவதையும் ஒருமுறை செய்து பார்த்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைக்கணும். கோடிக்கணக்கில் ரோபோ வாங்கும் நிர்வாகம் டெஸ்ட் சர்வர் கேட்டால் 'அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்' என்று சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. ஞாயிறு ஷட்டவுனில், தனி ஆளாக, காலை ஷிஃப்ட்டுக்குள் முடித்தாக வேண்டிய நிலையில் அப்டேட் போடும் கான்ட்ராக்ட் இன்ஜினீயர் மேல் கடைசியில் பழியைப் போடுவது அதைவிட மோசம்.

மென்பொருள் விற்பவர்களிடமும் கறாராகப் பேசலாம். அப்டேட்டைப் படிப்படியாக அனுப்புவீர்களா, எங்களுக்கு எப்போது வரணும் என்பதை நாங்கள் முடிவு செய்யலாமா என்ற இரண்டு கேள்விகளும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இருக்கட்டும். அந்த 'சின்ன' ஃபைல்களையும் படிப்படியாக அனுப்புவோம், வாடிக்கையாளர் கையில் கூடுதல் கட்டுப்பாடு கொடுப்போம் என்று கிரவுட்ஸ்ட்ரைக் அறிவித்தது ஜூலை 19-க்குப் பிறகுதான்.