உடல் நலம்: உழைக்கும் கரத்தின் நார்



ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் நம் ஆண்டவர் குணமாக்கிய மனிதனைப் பற்றி மூன்று நற்செய்தியாளர்கள் எழுதியுள்ளனர். சூம்பியிருந்தது அவனது வலக் கை என்று குறித்தவர் லூக்கா ஒருவரே. உழைத்துண்பவனுக்கு வலக் கை எத்தகையது என்பதை அச்சொல் ஒன்றே உணர்த்தும்.

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் என்றதும், 2021 பிப்ரவரி 12 அன்று அங்குள்ள பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தும், அதில் மாண்ட இருபதுக்கும் மேற்பட்டோரும் நம் நினைவுக்கு வருகின்றனர். அப்பெருந்துயரை நாடே அறிந்தது. செய்தியாகாத சிறு விபத்துகளோ இல்லந்தோறும் உண்டு. வழுக்கி விழுபவர் கையை ஊன்றுகிறார், மணிக்கட்டு வீங்குகிறது. 'சுளுக்குத்தானே' என்று எண்ணெய் தடவி நீவிவிட்டு, மறுநாளே வேலைக்குச் செல்கிறார். எண்ணிக்கைக்குக் கூலி பெறுவோர் ஓய்ந்திருந்தால் அடுப்பு எரியாதன்றோ!

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. அவற்றுள் படகு வடிவ எலும்பையும் பிறை வடிவ எலும்பையும் குறுகிய நார் ஒன்று பிணைக்கிறது. இவ்விரண்டையும் எத்தசையும் நேரே பற்றி இழுப்பதில்லை. நார்களே அவற்றிற்குக் கடிவாளம். இறந்தோர் ஈந்த கைகளைக் கருவியில் பொருத்தி, நாரை அறுப்பதற்கு முன்னும் பின்னும் எலும்புகளின் அசைவை ஆய்வாளர்கள் அளந்துள்ளனர். இந்நார் அறுந்து, துணை நார்களும் தளருமாயின், படகெலும்பு உள்ளங்கைப் பக்கம் கவிழ்கிறது. பிறையெலும்பு புறங்கைப் பக்கம் சாய்கிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லின்ஷைட், டோபின்ஸ் முதலிய மருத்துவர்கள் 1972-இல் இந்நிலைகுலைவை வகைப்படுத்தி எழுதினர். கவனியாது விட்டால், பொருந்தாத எலும்புகள் உராய்ந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டுத் தேய்கிறது.

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்பதனால் நார் நலமென்று கொள்ளலாகாது. கையை இறுக மூடி எடுக்கும் படத்தில் இவ்விரு எலும்புகளின் இடைவெளி சிலவேளை புலப்படும். பிடி தளர்தல், கையூன்றி எழுகையில் வலி, அசைக்கையில் 'களுக்' என்னும் ஒலி ஆகியவை எச்சரிக்கைகள். உடனே நீவாதீர்கள், மட்டை வைத்துக் கட்டி, எலும்பு மருத்துவரைக் காணுங்கள். முதற்சில வாரங்களில் நாரைச் சீராக்குதல் எளிது, காலங்கடந்தால் அரிது.

மருத்துவர் ஓய்வு விதிக்கும் வாரங்களில் அக்குடும்பம் பசியாதிருக்க யார் பொறுப்பு? நாம்தாம். நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரும் அண்டை வீட்டாரும் அந்நாள்களுக்கு அரிசி பருப்பேனும் அளிப்போமாக. அச்சமின்றி ஓய்வு கொள்ளும் கையே விரைந்து நலம் பெறும்.